போடிமெட்டில் என் வண்டியை நகர்த்தி வைத்தேன்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல்: விற்காதே. மதுரையிலிருந்து போடிமெட்டு வரை ஏறக்குறைய நூற்றுப் பதினேழு கிலோமீட்டர் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டே போனேன்; அப்படியே திரும்பவும் கொண்டுவந்தேன். மற்றதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன். பழைய ஐரோப்பிய வண்டியை நம்பி மலை ஏறலாமா, புதியது என்னைப் போன்ற உயரம் குறைந்தவர்களுக்குச் சரிப்படுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் பதில் ஒரே நாளில் கிடைத்தது.

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை. கதிர் என் கல்லூரி நண்பன், போடிக்குப் பக்கத்தில் சிலமலைக்காரன். போடியில் ஒரு வியாபாரியிடம் ஏலக்காய் தரம் பார்க்கிறான். ஒரு பிடி காயை உள்ளங்கையில் உருட்டி, “ஏழரை மில்லி, எட்டு தேறாது” என்று சொல்வான். சல்லடையில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவனுக்குத் துபாயில் ஒரு மசாலாக் கம்பெனியில் வேலை வந்திருந்தது. போவதற்கு முன் தன் பழைய வண்டியைப் போடிமெட்டில் ஒருவரிடம் விற்க வேண்டும். அதை அவன் ஓட்டி ஏற, நான் பின்னாலேயே என் வண்டியில் போய், திரும்பும்போது அவனை ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு.

மதுரையில் ஐந்தரைக்குக் கிளம்பினேன். தேனியில் ஒரு டீ, பதினைந்து ரூபாய். ஏழே முக்காலுக்குப் போடி பேருந்து நிலையம், தொண்ணூறு கிலோமீட்டர். கதிர் தன் வண்டியோடு அங்கே நின்றிருந்தான். என் வண்டி ஒரு ஐரோப்பிய நிறுவனத்தின் நெடும்பயண வகை. முந்நூற்றுச் சொச்சம் சிசி, நூற்று எழுபத்தைந்து கிலோ. இருக்கை எண்பத்து மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். நிறுத்தும்போது ஒரு காலின் முன்பாதம் மட்டுமே தரையில் படும்.

கதிருடையது செக்கோஸ்லோவாகிய வடிவமைப்பில் எழுபதுகளில் வந்த இருநூற்றைம்பது சிசி, இரண்டு ஸ்ட்ரோக். உதைத்துக் கிளப்பும் கம்பியை முன்னால் மடக்கினால் அதுவே கியர் கம்பியாகிவிடும். பெட்ரோலில் இருபதுக்கு ஒன்று என்று ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அவனுடைய தாய்மாமா கார் வாங்கியபோது இவனுக்குக் கொடுத்தது.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்தியதும் நானே திகைத்தேன். கல்லூரி நாட்களில் அதன் பின்னால் உட்கார்ந்து போனபோது அது எவ்வளவு பெரிய வண்டியாக இருந்தது. இப்போது அதன் கைப்பிடி என் வண்டியின் டேங்க் உயரத்தில் இருந்தது. எஞ்சின் கணக்கில் வித்தியாசம் கொஞ்சந்தான். என் வண்டியில் பாதி பிளாஸ்டிக். கொக்கு இறகை விரித்துக்கொண்டு நிற்பது போல. ஆனால் பேருந்து நிலைய டீக்கடையில் நின்றவர்கள் என் வண்டியைத்தான் சுற்றி வந்தார்கள். “ஆயிரம் சிசி இருக்குமாம்மா?” என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றால் ஏமாந்துவிடுவார் போலிருந்தது. கொஞ்சம் குறையும் என்றேன்.

எட்டரைக்குப் போடியை விட்டோம். முந்தலில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து மேலே பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட் ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடும். பிந்தியவை மட்டும் வேகமாக வரும், ஒதுங்கி வழிவிடுங்கள்.

நான்காவது வளைவில் பழைய வண்டி நின்றது. கதிர் இறங்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினான். பதினைந்து நிமிடம். பதினோராவது வளைவில் மறுபடி நின்றது. இந்த முறை இக்னிஷன் காயில் சூடாகி மின்பொறி வரவில்லை. இதற்கு ஒரே மருந்து, ஆறும்வரை காத்திருப்பதுதான். தடுப்புச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே போடி ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்து, மேகம் வந்ததும் மறைந்தது.

பிந்தி வந்த ஜீப் ஒன்று எங்கள் அருகில் மெதுவானது. உள்ளே காய் எடுக்கப் போகும் பெண்கள்.

“என்ன மாப்ளே, குதிர படுத்துக்கிருச்சா? கயிறு தரவா?” என்றார் ஓட்டுநர்.

“இளைப்பாறுதுண்ணே. நீங்க வெரசா போங்க, சோலி கெடக்கும்.”

பின்னாலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “ஏ ஆத்தா, ஒன் வண்டிதான் எருமை கணக்கா நிக்குதே. அவனத் தூக்கிப் பின்னால போட்டுக்கிட்டுப் போயிரு.”

“போட்டா எறங்க மாட்டான்டீ,” என்றாள் இன்னொருத்தி. ஜீப் முழுக்கச் சிரித்துக்கொண்டே வளைவில் திரும்பியது. கதிரும் சிரித்தான். நான் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“டிக்கெட் போட்டுட்டியா?” என்று கேட்டேன்.

“இல்ல. மொதல்ல இது ஒரு நல்ல கைக்குப் போகட்டும். கெடையில போட்டா ஆறே மாசத்துல எஞ்சின் இறுகிரும். அந்த அண்ணன் வேணாம்னுட்டாருன்னா, நானும் போகலன்னு சொல்லிறலாம்னு இருக்கேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் விளையாட்டாகச் சொன்னதில் எதையும் செய்யாமல் விட்டதில்லை. பதினொரு வருடமாகப் பார்க்கிறேன்.

அங்கே நாற்பது நிமிடம் இருந்தோம். அவன் கொண்டுவந்த கடலை மிட்டாயைத் தின்றோம். என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை; பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் அங்கே புரிந்தது. அந்த வண்டி வழியில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால், நானும் அவனும் இத்தனை வருடத்தில் உட்கார்ந்து பேசிய நேரத்தில் பெரும்பகுதி வந்துவிடும். என் வண்டி வாங்கி மூன்று வருடமாகிறது. ஒருமுறைகூட எங்கும் நின்றதில்லை. அதில் நான் யாரோடும் எங்கும் உட்கார்ந்ததும் இல்லை.

பதினொரு மணிக்குப் போடிமெட்டு. குளிர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வாங்குபவர் மாடசாமி அண்ணன், ஐம்பது வயதிருக்கும். கேரள எல்லைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நான்கு அறைகள் வாடகைக்கு விடுகிறார், பின்னால் ஏலத்தோட்டம். அவர் சிறுவனாக இருந்தபோது எஸ்டேட் மேனேஜர் இதே வகை வண்டியில்தான் வருவாராம். அந்தச் சத்தம் கேட்டால் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், எல்லாரும் எழுந்து நிற்பார்களாம். அது மாதிரி ஒன்றைத் தானும் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை.

வாசலில் இரண்டு வண்டிகளையும் அடுத்தடுத்து நிறுத்தினோம். வெளியே வந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, இதுதானா?”

“இதேதாண்ணே. வழியில ரெண்டு எடத்துல நின்னுச்சு, அதையும் சொல்லிர்றேன்.”

“அது கெடக்கட்டும். நிக்காம வந்திருந்தாத்தான் வேற எஞ்சின மாத்திட்டீயோன்னு நெனச்சிருப்பேன்.” தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஆனா இது சின்னதால்ல இருக்கு. அந்த வண்டி ஆனை மாதிரி இருக்கும்பா. இது அது இல்ல.”

“அப்ப நீங்க சின்னப் பயலுண்ணே.”

“எனக்கும் தெரியுது. இருந்தாலும் மனசு ஒப்பலையே, கேட்டோ.” பார்வை என் வண்டிக்குப் போனது. “யோசிச்சுச் சொல்றேனே தம்பி.”

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன என்று நம் எல்லாருக்கும் தெரியும். கதிர் “சரிண்ணே” என்றான். என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பது போல லேசாகத் தலையசைத்தான். ஆனால் அவன் முகம் விழுந்துவிட்டிருந்தது. எட்டு வருடமாக ஒரே குடோனில் ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் உருட்டுகிறவன். போகவில்லை என்று சொல்லிவிடலாம் என்றவன், உள்ளுக்குள் எவ்வளவு போக விரும்பினான் என்று அப்போதுதான் பார்த்தேன்.

நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சும்மா நின்றிருந்தால் போதும், வண்டி விலைபோயிருக்காது.

என் வண்டியின் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு, பொத்தானை அமுக்கினேன். ஒரே அமுக்கில் கிளம்பியது. கட்டடத்தைச் சுற்றிக் கொண்டுபோய், பின்னால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன்.

மாடசாமி அண்ணன் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். பின்னால் மேகமும் மரங்களும் மட்டும். இரண்டு சைலன்சரும் நிலத்துக்கு நெருக்கமாக, நீளமாகத் தெரிந்தன. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது பெரிய வண்டிதான். ஒரு உதை. புகை அறைகளின் ஓடுவரை எழுந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து வெளியே வந்தார்.

“இப்பச் சரியா இருக்கு,” என்றார் மாடசாமி அண்ணன்.

கதிர் அவருக்கு ஒன்றை மூன்று முறை சொன்னான். “எறக்கத்துல ஆக்சிலேட்டர முழுசா மூடிக்கிட்டு எறங்காதீங்கண்ணே. பெட்ரோலோட வர்ற ஆயில்தான் எஞ்சினுக்கு உசுரு. மூடுனா காஞ்சு பிடிச்சுக்கும். பிரேக்கப் பிடிச்சாலும் நடுவுல நடுவுல கொஞ்சம் முறுக்கிவிடுங்க.” நான்கு ஸ்ட்ரோக் வண்டி ஓட்டிப் பழகிய நம் எல்லாருக்கும் கை தானாக மூடிக்கொள்ளும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

ஒன்றேகாலுக்கு இறங்கத் தொடங்கினோம். கதிர் என் பின்னால். பதினேழு வளைவுகளிலும் வண்டியின் திரையில் ஏதாவது ஒரு எச்சரிக்கை விளக்கு எரியாதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பதினோராவது வளைவில் வேகத்தைக் குறைத்தேன். “என்னாச்சு?” என்றான். “ஒன்னுமில்ல, ஜீப்பு வருது,” என்றேன். ஜீப் எதுவும் வரவில்லை. இரண்டு மணிக்குப் போடி. இரண்டு இருபதுக்குச் சிலமலையில் அவனை இறக்கிவிட்டேன்.

“வண்டிய ஏன் பின்னாடி கொண்டுபோய் வச்ச?” என்று கேட்டான்.

“வழியில நின்னுச்சு,” என்றேன்.

இனி, போகிறவர்களுக்கு. நம்பகத்தன்மை மட்டும்தான் கேள்வி என்றால் புதிய வண்டியே; யோசிக்கவே வேண்டாம். என் வண்டி அன்று இருநூற்று நாற்பது கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடித்தது, எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய். உயரத்துக்குப் பயப்படாதீர்கள், பெரிதாகத் தெரிவது வேறு, கனம் வேறு. ஆனால் வளைவுகளில் உட்புறம் சரிவாக இருக்கும், அங்கே நிறுத்தினால் கால் எட்டாது. பழையதில் போகிறவர்கள் இரண்டு பிளக், ஒரு கம்பி பிரஷ், கால் லிட்டர் ஆயில் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தலுக்கு மேலே பெட்ரோல் பங்க் எதையும் நான் பார்க்கவில்லை, போடியிலேயே நிரப்பிவிடுங்கள். நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் யாரோடாவது போங்கள்.

கதிர் அன்று மாலையே டிக்கெட் போட்டான். பன்னிரண்டு நாள் கழித்து, மதுரை விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். என் வண்டி எங்கும் நிற்கவில்லை. அவன் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன்.