கயாவில் விட்ட கொய்யா

டாக்டர் என் மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. "ஏம்மா, காய் பழம் எதுவும் குடுக்கறதில்லையா?" என்றார். ஸ்ரீரங்கம் திரும்பிய பஸ்ஸில், காவிரிப் பாலம் நெடுக, அந்த வெளுப்பு என் கூடவே வந்தது.

கொடுக்காமலா? கீரையைக் கடைந்து சாதத்தில் ஒளித்தேன். கேரட்டைத் துருவித் தோசையில் தூவினேன். ஆறு வயசுக்காரி, துணுக்குத் துணுக்காகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். கெஞ்சினேன், அதட்டினேன். போன கோடைவரை நறுக்குவதற்குள் வெள்ளரிக்காயைப் பிடுங்கித் தின்றவள்.

அன்று மாலை மாதுளை உரித்துக்கொண்டே கேட்டேன். "ஏண்டி தங்கம், என்னதான் ஆச்சு உனக்கு?"

"நான் விட்டுட்டேன்மா."

"எதை?"

"எல்லாக் காயும், எல்லாப் பழமும். கயால."

அந்தக் கோடையில்தான் கயாவுக்குப் போயிருந்தோம், மாமனாருக்குப் பிண்டம் போட. அங்கே ஒரு காயையும் ஒரு பழத்தையும் ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும். என் கணவர் பாகற்காயையும், உயிராக இருந்த கொய்யாவையும் விட்டார். "பாகற்காயை எப்பங்க தொட்டீங்க, இப்ப விடறதுக்கு?" என்று நான் சிரித்தேன். பக்கத்தில் நின்றவளை யார் கவனித்தோம்!

"தாத்தா மாதிரி அப்பா செத்துப் போகக் கூடாதுல்ல? அதான். நான் தின்னா அப்பா செத்துடுவாங்க."

மாதுளை முத்துகள் கையிலேயே நசுங்கின. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லப் பயந்தேன். சொல்லி, இவள் தின்று, கடைக்குப் போகிற அவர் வண்டி அந்தக் காவிரிப் பாலத்தில்... சே. அந்த நிமிஷம் எனக்கும் ஆறு வயசுதான்.

கணவர் வந்ததும் சொன்னேன். சட்டைகூட மாற்றாமல் தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போய், ஒரு கொய்யாவோடு திரும்பினார்.

"வேண்டாங்க. உங்கப்பாவுக்கு விட்டது."

"எங்கப்பாவுக்குப் பேத்தியவிடக் கொய்யாவா பெருசு?"

கடித்தார். மகள் வீறிட்டாள். அவர் மென்று விழுங்குகிறவரை அவர் நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள்.

"துடிக்குதா?"

"துடிக்குது."

"அப்ப நீயும் ஒரு கடி."

கண்ணை இறுக்கிக்கொண்டு எலி கொறிக்கிற அளவு கடித்தாள். மறுபடி நெஞ்சில் கை வைத்தாள். மறுபடி கடித்தாள்.

மறுநாள் காலை ஸ்கூலுக்குக் கொய்யா கேட்டு வாங்கிப் போனாள். அவரும் வண்டியை எடுத்தார். "போயிட்டு வரேன்."

"கடைக்குப் போனதும் ஒரு போன் பண்ணுங்க." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் சொல்லாதது.

தட்டில் கொய்யாத் துண்டு ஒன்று மீதி இருந்தது. போன் அடிக்கிறவரை அதைத் தொடவில்லை.