ரசச்சட்டியில் வெந்த ஆறு கம்பிகள்

எலெக்ட்ரிக் கிட்டார் கம்பி கட்டிய முதல் வாரம் கத்தும். கண்ணாடி வளையல்களைக் கொட்டியதுபோல் காது கூசும். மூன்றாவது வாரம் பேசும். ஒன்றரை மாதம் போனால் முனகும். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது என் கிட்டாரில் இருந்த கம்பிகளுக்கு வயது ஐந்து மாதம். முனகலையும் தாண்டிவிட்டன.

புதுக் கம்பிக்குப் பெங்களூர்தான் போக வேண்டும். தருமபுரிக் கடையில் கிட்டார் கம்பி என்று கேட்டேன். துணி காயப்போடும் கொடிக்கம்பியை எடுத்துப் போட்டு, எத்தனை கிலோ என்றார்கள்.

எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர் அக்கார்டியன் வாசிப்பவர். தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே திறக்க முடியாத வாயை ஒத்திகையில் எங்களிடம் திறப்பார்.

"ஏந்தம்பி, நீ வாசிக்கறியா, தகர டப்பாவ ஒதைக்கறியா?"

"கம்பிக்கு வயசாயிடுச்சுங்கண்ணா."

"எனக்குந்தான் வயசாவுது. நான் இப்பிடியா சத்தம் போடறேன்?"

"இதவிட மோசமாங்கண்ணா" என்றான் பாங்கோஸ் என்கிற ஜோடிக் கைமேளம் வாசிக்கும் என் கூட்டாளி. தலைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழம மாரண்டஹள்ளியில கல்யாண ரிசப்ஷன். மொதப் பாட்டே கிட்டார்லதான் ஆரம்பிக்குது. அன்னிக்கும் இதே சத்தம்னா, நீ மேடைக்குக் கீழ ஒக்காந்து வயர் சுத்து."

மேடைக்குக் கீழே! நான் பெல்பாட்டம் தைத்ததே மேடைக்காகத்தான்.

நான் பாய் என்று கூப்பிடும் கூட்டாளியின் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. ஒத்திகை முடிந்து வரும் வழியில் அவன் யோசனை சொன்னான். "கறுத்துப்போன பித்தளக் குண்டாவ நாங்க என்ன பண்றோம்? புளியப் போட்டுத் தேச்சா புதுமாப்பிள கணக்கா மின்னும். கம்பியப் புளித்தண்ணில வேக வெய்யி மாப்ள."

நான் வேதியியல் மாணவன். அவனைத் தடுத்திருக்க வேண்டியவன். அதற்குப் பதில் அவன் யோசனைக்கு விளக்கவுரை எழுதினேன். தடித்த கம்பிகளின் மேல் சுற்றிய நிக்கல் சுருளின் இடுக்கில் விரல் வியர்வையும் தலைக்குத் தடவிய எண்ணெயும் அடைந்து அதிர்வைக் கொல்கின்றன. அழுக்கைக் கரைத்தால் நாதம் திரும்பும் என்றேன். அவன் வாய் பிளந்து கேட்டான். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு கம்பிகளும் அடுப்பில் கொதித்தன. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"டேய், ரசச்சட்டியில கம்பிய எதுக்குடா வேக வெக்கற?"

"சத்தம் நல்லா வரும்மா."

"நாலு மொளகு தட்டிப்போடு. இன்னும் நல்லா வரும்."

துணியால் துடைத்துக் கட்டினேன். நல்ல தண்ணீரில் அலசத் தோன்றவில்லை. மீட்டினால், அடடா! முதல் வாரத்துக் கத்தல் அப்படியே திரும்பியிருந்தது. நானும் கூட்டாளியும் கூடத்தில் ஆடினோம். அவன் தன் பங்குக்கு இரண்டு டம்ளர்களை உருட்டிவிட்டான்.

ஞாயிறு காலை கிட்டார் உறையைத் திறந்தேன். மெல்லிய கம்பிகள் மூன்றும் மிளகாய்ப்பொடியில் புரட்டி எடுத்தவைபோல் இருந்தன. நிக்கல் சுற்றிய தடித்த மூன்று மட்டும் மங்கலாகப் பிழைத்துக் கிடந்தன.

"பாத்திரம் இப்பிடி ஆவாதே மாப்ள" என்றான் கூட்டாளி.

"பாத்திரம் பித்தள, பாய். இது இரும்பு. புளிங்கறது ஆசிட்டு."

"கெமிஸ்ட்ரி நீதான படிக்கிற?"

பாலக்கோடு தாண்டும்வரை பஸ்ஸில் உட்கார்ந்து, துரு போகட்டும் என்று கம்பிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி, தூங்குவதுபோல் நடித்தார்.

மேடையில் முதல் பாட்டு. ஆரம்ப இசையின் நடுவிலேயே முதல் கம்பி அறுந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டது. பல்லவி முடிவதற்குள் இரண்டாவது. சரணத்தில் மூன்றாவது. அக்கார்டியனுக்கு மேலே இரண்டு கண்கள் என்னைப் பொசுக்கின. முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார். இறங்கி ஓடவும் வழியில்லை. மிச்சமிருந்த மூன்று தடித்த கம்பிகளை மட்டும் தாளத்துக்குத் தட்டினேன். தும், தும். ஒரு மினுக்கும் இல்லாத, செத்த சத்தம். கூட்டாளி அதைப் பிடித்துக்கொண்டு பாங்கோஸில் பின்னினான். முன்வரிசைச் செருப்புகள் ஆடத் தொடங்கின.

பாட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா, தக்காளி மண்டிக்காரர், மேடையோரம் வந்தார். "அந்த வயித்துல இடிக்கற சத்தம் எதுங்க? அத இன்னொருக்கா போடுங்க."

"அது நம்ம குழுவோட ஸ்பெஷலுங்க" என்றார் தலைவர், கண் இமைக்காமல்.

கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தார். "தம்பி, இனிமே அந்தச் சின்னக் கம்பிங்களக் கட்டாத."

"புதுசு வாங்கிட்டா நல்லாப் பேசுங்கண்ணா."

"அதுக்குத்தாஞ் சொல்றேன்."

அடுத்த மாதமே கூட்டாளியின் அண்ணன் பெங்களூரிலிருந்து புதுசாக ஒரு செட் வாங்கி வந்தார். இரண்டு வருஷமாகிறது, பாக்கெட் இன்னும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. புளியில் வெந்த தடித்த மூன்றுதான் ஊர் ஊராக மேடை ஏறுகின்றன. ரசச்சட்டியைக் கழுவும்போதெல்லாம் அம்மா கேட்கிறாள்: "அலமாரியில கெடக்கறத எப்படா வேக வெக்கப் போற?"