எல்லாம் குதிகால்தான்

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு காதை வீட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார். திரையில் ஒருவன் காதலியின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான். அவனை வாய் பிளந்தபடியே நிறுத்திவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்புகிறார். "அடி பிடிக்குது பாரு, அடுப்பைக் கொறை!" பிறகுதான் அவனுக்கு விடுதலை.

அயல்நாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது அவர் தொழில். இஸ்திரி போட வாங்கிய மேசைதான் அலுவலகம். மேலே மடிப்புக் கலையாத சட்டை, கீழே லுங்கி. வீடியோ காலில் பேசும் மேலதிகாரி இடுப்புக்குக் கீழே எட்டிப் பார்க்கவா போகிறாள்? அகராதியைத் தொடமாட்டார். "டிக்‌ஷனரி பாக்கறவன் கிளார்க்கு. நான் ரைட்டர்."

ஹீல் என்றால் குதிகால். பள்ளிக்கூடத்தில் படித்தது. அதற்குமேல் அந்தச் சொல்லோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சமையல் நிகழ்ச்சிக்கார அம்மாள் ரொட்டியின் முனைத் துண்டைக் காட்டியபோது, "ரொட்டியின் குதிகாலைச் சூப்பில் போடுங்கள்" என்று எழுதினார். நாயைப் பழக்குகிறவன், ஒட்டியே நடந்து வரும்படி அதை அதட்டினான், திரையில் "குதிகால்!" என்று மட்டும் வந்தது. புயலில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மாலுமி அலறியபோது, "கப்பலுக்குக் குதிகால் வந்துவிட்டது, ஓடுங்கள்!" என்று எழுதிவிட்டு அவரே கொஞ்சம் கலங்கிப்போனார்.

வினை ஒரு காதல் தொடரில் வந்தது. ஏமாற்றியவனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கதாநாயகி கத்துகிறாள்: "நீ ஒரு குதிகால்!" டீ குடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறியது.

"அப்பா, அங்க ஹீல்னா அயோக்கியன்னு அர்த்தம்ப்பா."

"மிதிபடற ஜென்மம்னு சொல்றா. உள்ளர்த்தத்தைப் புரிஞ்சுக்கணும்."

"அப்ப ரொட்டிக்கு என்ன உள்ளர்த்தம்?"

"போய்ப் படிக்கிற வேலையைப் பாரு!"

"படிச்சதாலதாங்க கேக்கறா" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

அந்தக் காட்சி கைபேசி கைபேசியாகத் தாவியது. பார்த்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மேலதிகாரி அழைத்தாள். "சார், நாளைக்கு ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போங்க." குரலில் ஒரு சுரமும் இல்லை. வேலைக்கு வேட்டு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த வயதில் வேறு எவன் கொடுப்பான்?

மகளின் அகராதியைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். குதிகால் மேலே ஒரு வரிதான். அதன் கீழே செருப்பின் அடிக்கட்டை, ரொட்டியின் முனை, உள்ளங்கையின் மணிக்கட்டோர மேடு, சாய்தல், உடன் நடத்தல், கயவன் என்று இறங்கிக்கொண்டே போயிற்று. ஒண்டிக்கட்டை என்று நம்பிப் பழகிய ஆள் ஊருக்கொரு குடும்பம் வைத்திருப்பது தெரிந்ததுபோல் அவருக்கு வியர்த்தது.

மறுநாள் பஸ்ஸில் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனார். முன் சீட்டில் ஒரு கல்லூரிக்காரன் நண்பனை இடித்தான். "தள்ளி உக்காருடா குதிகால்!" இவருக்கு மன்னிப்பின் நடுவரி மறந்துபோயிற்று.

மேலதிகாரி உட்காரச் சொன்னாள். "சார், இனிமே நீங்க எழுத வேணாம்."

அவர் மன்னிப்பின் முதல் வரிக்கு வாயைத் திறந்தார்.

"மத்தவங்க எழுதறதைச் சரிபாருங்க. அந்த ஒத்தை வார்த்தைக்காகவே ஜனங்க பாக்கறாங்க. எப்படி சார் தோணுச்சு?"

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்து நின்றது. கொடுத்த காபியை ஒரு மடக்கு குடித்து அதை உள்ளே தள்ளினார். "மொழியில புதுசா ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா ஒரு யோசனைம்மா."

தரக்கட்டுப்பாட்டு நாற்காலி சுழலும் நாற்காலி. முதல் நாள், புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியது வந்தது. தகப்பன் வில்லனைப் பார்த்து அதே ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறான். அந்தப் பெண் "நீ ஒரு கயவன்" என்று எழுதியிருந்தாள். சரிதான். சரியென்று இப்போது அவருக்கும் தெரியும்.

"சரியா இருக்கா சார்?" என்றாள் பக்கத்து மேசையிலிருந்து, பயந்து பயந்து.

"மொழி சுத்தமா இருக்கு. உயிர்தாம்மா இல்ல."

அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். 'கயவன்' என்பதை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, 'குதிகால்' என்று அடித்து, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டார்.