சத்தம் நின்ற சுருள்

காங்கேயம் பக்கத்துத் துணை மின்நிலையத்தில் ஆளுயரத்தை மிஞ்சிய ஷன்ட் ரியாக்டர் ஒன்று உண்டு. எண்ணெய்த் தொட்டி, அதற்குள் சுருள். காலையில் வந்ததும் எங்கள் ஃபோர்மேன் டீ டம்ளரோடு அதன் பக்கத்தில் நின்று காது கொடுப்பார். அந்த முகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. மழை பெய்து தோட்டத்து மோட்டார்களெல்லாம் நின்றுவிட்டால் லைனில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறும். அதை இழுத்துப் பிடிப்பது அந்த ரியாக்டர். லைனுக்கும் தரைக்கும் நடுவே கட்டியிருப்பதால், அழுத்தம் இருக்கும்வரை உறுமிக்கொண்டே இருக்கும். "சத்தம் நின்னா லைன் டெட்டுங்க மேடம்" என்பார். அங்கே அது உண்மை. நான் அங்கே இன்ஜினியர்; அவர் வயதில் என் அப்பா மாதிரி. ஆனாலும் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்க அவர் கூச்சப்பட்டதே இல்லை.

பிறகு இருவருக்கும் போத்தனூர் பக்கம் மாற்றலானது. அங்கிருந்தது சீரிஸ் ரியாக்டர். மின்சாரம் போகிற வழியிலேயே உட்கார்ந்து, எங்காவது ஷார்ட் ஆனால் பாய்ந்து வருவதை மட்டுப்படுத்துவது அதன் வேலை. மின்சாரம் ஓடினால்தான் அது உறுமும். ஒரு முனையில் பிரேக்கரைத் திறந்துவிட்டால் ஓட்டம் நின்று ஊமையாகிவிடும்; மறுமுனை வழியாக வந்த அழுத்தமோ முழுசாக அதில் நிற்கும்.

வந்த வாரமே கேட்டார். "ஏனுங்க மேடம், இதும் சத்தம் நின்னா டெட்டுதானுங்களா?" நான் அப்போது போனில் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். போனைப் பொத்திக்கொண்டு, "ரெண்டும் சுருள்தானுங்கண்ணா, எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். சனியன் பிடித்த வாய்.

நாலு நாள் கழித்துப் பராமரிப்புக்காகப் பிரேக்கரைத் திறந்தோம். மறுமுனை ஸ்விட்சைத் திறப்பதற்கு முன்பே, சத்தம் அடங்கியதைக் கேட்டுவிட்டு அவர் வேலிக்குள் போய் ஏணியைச் சாய்த்தார். பட்டப்பகல். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கத்த வாயெடுப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

லைனைத் தரையோடு இணைத்த பிறகே தொட வேண்டும் என்பது விதி. அதை மீறியது அவர் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த இரண்டின் வித்தியாசத்தை இன்று நான்தான் வகுப்பெடுக்கிறேன். தெளிவாகச் சொல்கிறேனாம். சொல்லி என்ன பிரயோஜனம்?

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டாருங்களே அம்மணி. அதை மட்டும் ஏனுங்க கேக்காமப் போனாரு?"

"தெரியலீங்கக்கா" என்றேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க."