மேற்படி சிறுமியும் மிரண்ட மாடுகளும்

1. ரயில் வராத ஸ்டேஷன்

நான் மொழிபெயர்த்த முதல் கதைப் புத்தகத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து குதிரையில் கிளம்பிப் போய்க் கலவரக் கும்பலுக்குத் தலைமை தாங்கினாள். மூலத்தில் அவள் செய்தது, மிரண்டு ஓடிய மாடுகளைத் திருப்பியது. நடுவில் நான் இருந்தேன். அதுதான் வித்தியாசம்.

காரைக்காலில் இருபது வருடமாகப் பத்திரங்களை மொழிபெயர்க்கிறேன். கிரயப் பத்திரம், துபாய் வேலை ஒப்பந்தம், பிரெஞ்சுக்காரர் காலத்து எத்தா சிவில் பிறப்புப் பதிவு எல்லாம் என் மேஜைக்கு வரும். சென்னையில் சிறுவர் நூல் போடும் நிர்மலா என்ற எடிட்டர், பழைய ஆஸ்திரேலியச் சாகசக் கதை ஒன்றை அனுப்பி, "முடியுமா சார்?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகள் கதைதானே என்று ஒப்புக்கொண்டேன்.

கதையில் மேபல் என்ற பெண் அப்பாவோடும் அண்ணனோடும் 'ஸ்டேஷனில்' வாழ்கிறாள். சுற்றிலும் மாடுகள். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. நம் ஊர் ஸ்டேஷனிலும்தான் மாடு நிற்கிறது. ஒன்பது அத்தியாயம் அனுப்பிய பிறகு நிர்மலாவின் போன் வந்தது.

"சார், நானும் ஒம்பது அத்தியாயமா பிளாட்பாரத்துலயே நிக்கிறேன். ரயில் எப்ப சார் வரும்?"

அந்த ஊரில் பெரிய மாட்டுப் பண்ணைக்கு ஸ்டேஷன் என்று பெயர். மந்தைக்கு 'மாப்'. நான் அதைக் கலவரக் கும்பல் ஆக்கியிருந்தேன்.

"அப்புறம் என்ன சார் இது, எல்லாமே மேற்படி? மேற்படி சிறுமி, மேற்படி குதிரை! பிள்ளைங்க கதை படிக்கணுமா, ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போடணுமா?"

"பழக்கதோஷம்மா."

"பத்து நாள் தரேன். மாடு மிரள்ற அத்தியாயம்தான் புத்தகத்துக்கே உயிர். அத மட்டும் திருத்தி அனுப்புங்க. சரியா வரலன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன், கோச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. பயம் வந்தது. பத்திரத்தை யாரும் இரண்டாவது முறை ஆசையாகப் படிப்பதில்லை. ஆசையாகப் படிக்கிற மாதிரி ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியிருந்தது.

2. போலகம் கிடை

ஸ்டேஷனைப் பண்ணை ஆக்கினேன். கும்பலை மந்தை ஆக்கினேன். ஒரு வாக்கியம் மட்டும் அசையவில்லை. மேபல் மந்தையை 'ஹெட்' செய்தாளாம். ஹெட் என்றால் தலை. ஆக, தலைமை தாங்கினாள். வேறெதுவும் தோன்றவில்லை.

வைகாசி மாதம். அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக மாட்டுக் கிடை போட ராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். போலகத்தில் இருநூறு மாடுகளோடு முத்துராக்கு என்பவரும் அவர் கணவரும் தங்கியிருந்தார்கள். முத்துராக்குக்கு என் வயதுதான் இருக்கும். மாட்டுக்காரர்களையே கேட்டுப் பார்க்கலாம் என்று நான் போனபோது, கணவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். விஷயத்தைச் சொல்லி, அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

"மேற்படி சிறுமி, இடியோசையால் அச்சமுற்ற மேற்படி மந்தைக்குத் தலைமை தாங்கி..."

"இருங்கண்ணே. அந்தப் புள்ளைக்குப் பேரு வைக்கலையா?"

"மேபல்."

"அப்ப அதச் சொல்லுங்க. தலைமை தாங்க இது என்ன கட்சி மாநாடா?"

பதில் சொல்வதற்குள் சாலைப் பக்கம் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். இருநூறு மாடும் ஒரே உடம்பு மாதிரி எழுந்து கிளம்பின. எதிரே பக்கத்து வயல் பருத்தி, காய் பிடித்து நின்றது.

நான் என் மொழிபெயர்ப்பில் இருந்தபடியே செய்தேன். மந்தைக்கு முன்னால் போய் நின்று, டிராபிக் போலீஸ் மாதிரி கையைத் தூக்கி, "நில்!" என்றேன். அடுத்த நொடி வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். தள்ளியது எந்த மாடு என்று இன்றுவரை தெரியாது.

முத்துராக்கு மாட்டைப் பார்த்து ஓடவில்லை. மாடு போகப்போகிற இடத்தைப் பார்த்துக் குறுக்கே ஓடினார். முன்னால் போன செவலைப் பசுவின் தோளுக்குத் தோளாகச் சேர்ந்து, காதருகே கம்பை நீட்டினார். அடிக்கவில்லை. செவலை முகத்தைத் திருப்பியது. பின்னால் வந்தவை அத்தனையும் பருத்தி வரப்பை உரசிக்கொண்டு வட்டமாக வளைந்தன.

"அண்ணே, அந்தக் கடைசி ரெண்டையும் மடக்குங்க! மடக்குங்கண்ணே!"

மடக்கு! எங்கள் தெருவில் மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடினால் நானே கத்துகிற வார்த்தை. அது தாளில் எழுதத் தகுந்தது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எழுந்து, கடைசி இரண்டையும் மடக்கினேன். உண்மையைச் சொன்னால், அவை ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தன.

முத்துராக்கு மூச்சு வாங்க வந்தார். "நேருக்கு நேரா நின்னா அது எப்பிடிண்ணே நிக்கும்? பின்னால வர்றது தள்ளுதுல்ல? முன்மாட்ட மடக்குனா அம்புட்டும் மடங்கும்."

சேற்றுக் கையோடு மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் அதில் இருந்தது. குறுக்கே போவது, தோளை ஒட்டிப் போவது, அடிக்காமல் திருப்புவது, ஒரு படிகூட விடுபடவில்லை. அந்த ஆசிரியர் எந்தப் பெரியவரையும் உதவிக்கு அனுப்பவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தன் வேலை தெரியும் என்று நம்பி, அந்த வேலையை மட்டும் எழுதியிருந்தார். அதை நான் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

பெயர் சொல்லி, பேச்சுத் தமிழில் மறுபடி சொன்னேன். முத்துராக்கு நின்றபடியே கேட்டார். முடிந்ததும், "கெட்டிக்காரப் புள்ளண்ணே. குதிரைக்கு அடி கிடி படலையே?" என்றார். என் தொழிலில் அதுவரை யாரும் பத்திரத்தில் வருகிற எந்தக் கட்சிக்காரரைப் பற்றியும் அப்படி விசாரித்ததில்லை.

3. திருத்திய பிரதி

அன்றே உட்கார்ந்து எழுதினேன். "மேபல் செவலையின் தோளை ஒட்டிக் குதிரையை விட்டாள். கொம்பு பக்கத்தில் வந்தது. காது பக்கத்தில் வந்தது. மடக்கினாள்." அவ்வளவுதான். மொழிபெயர்க்க வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருக்கிற ஒரே புத்தி இதுதான்: வார்த்தை கிடைக்கவில்லை என்றால், அந்த வேலையைச் செய்கிறவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். எதிரில் நிற்காதீர்கள்.

எட்டாம் நாளே அனுப்பினேன். மறுநாள் நிர்மலா கூப்பிட்டார்.

"புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும் சார். இந்த அத்தியாயத்துல நீங்க எங்கயுமே இல்ல, அதான் நல்லா இருக்கு. மத்த அத்தியாயத்துலேருந்தும் கிளம்பிடுங்க."