சண்முகவடிவின் கையும் ஓடைப்பூவும்

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகளின் வரிசை. அதன் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானோரமாகச் சண்முகவடிவு குந்தியிருந்தாள். எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு செடி. ஓடைக்கரையில் தானாக வளர்கிற சாதி. வருஷா வருஷம் அதே வேரிலிருந்து தளிர்த்து மஞ்சளாகப் பூக்கும். அடிமண் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்தாலும் தலை தொங்கிவிடும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பங்குனியில் மழையே இல்லை.

கொழும்புக் கடையொன்றில் வேலை பார்த்த மகன் விஜிதரனிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் வராதபோது, ஓடையில் நின்றபடியே அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். "தாயி, நல்லாருக்கேன்னு அவன் ஒரு வரி போடட்டும். திருவிழாவுக்கு இந்தப் பூவையே ஒனக்குச் சாத்துறேன்."

மறுவாரமே கடிதம் வந்தது. அடுத்த மாதம் ரோட்டுக்காக ஓடைக்கரையை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அவள் ஓடிப்போய்ப் பிடுங்கி வந்து இங்கே நட்ட இந்த ஒரு தூர்தான் மிச்சம். அதில் மூன்றே மொட்டு. வெள்ளிக்கிழமை திருவிழா. இன்று செவ்வாய்.

புருஷன் அழகன் கதவில் சாய்ந்துகொண்டு, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவின் மூக்குக் குரலை எடுத்துவிட்டான். "ஏய் வடிவு! இன்னிக்கு எத்தன வாளி? கூலிக்குப் பேரு போடவா, வேணாமா?"

"சும்மா இருங்க. பூக்கலேன்னா தாயி என்னைய விடுவாளா? எம்புள்ளைய விடுவாளா?"

பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி காலிக் குடத்தோடு வந்தாள். "அக்கா, பீலியில தண்ணி நூலாட்டம் வருது. நாளைக்கு நின்னுருமாம்."

"ஐயோ, அப்ப இது..."

அவள் கை தானாகச் செடிமேல் ஓடியது. முப்பது வருஷம் கொழுந்தெடுத்த கை. கவலை வந்தால் அதற்கு வேறு வேலை தெரியாது. கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்தது, முதுகில் கூடை தொங்குவதுபோல.

"அக்கா! என்னா செய்றீங்க?"

பின்னால் மண்ணில், தளிரோடு தளிராக இரண்டு மொட்டுகள் கிடந்தன.

சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். அழகன் உள்ளே போய், குளிருக்குக் காலில் போடும் தன் கம்பளி மேஸைக் கொண்டுவந்தான்.

"இந்தா, கையில மாட்டிக்க."

மூன்று நாளும் மேஸ் போட்ட கையோடுதான் தண்ணீர் ஊற்றினாள். அரிசி களைந்த தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர், எதையும் விடவில்லை. லயமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, தூங்கவும் இல்லை.

வெள்ளி காலையில் மிச்ச மொட்டு பாதி விரிந்திருந்தது. மேஸைக் கழற்றி விரலை நீட்டியவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீ கிள்ளு நாகு. எங்கைய நம்ப முடியாது."

நாகலெட்சுமி பூவைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தாள். சண்முகவடிவு விரல்களை மெல்ல மூடி, அந்தக் கையைப் புருஷனிடம் நீட்டினாள்.

"கோயில் வர்ற வரைக்கும் புடிச்சுக்கங்க. விட்றாதீங்க."

அழகன் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே கோயில் மேடேறினான்.