இருமினால் கேட்கும் தூரம்

பகலெல்லாம் பாடுபட்டு அடித்த முளைகளை மூக்கன் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஓடைக்கரையில் சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு அதைப் பார்த்தாள். மேட்டு உச்சியில் நின்ற அவருடைய சின்னக் கூடாரம் சாய்ந்தது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் பாதி தூரம் இறங்கி வந்து, மறுபடியும் நட்டார். பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. சளி இருமல் இல்லை, வேண்டுமென்றே இருமுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் தன் கூடாரத்துக்குள் போய்ப் பாயை விரித்தாள்.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலை முடிந்து வெறும் புல்வெளி தொடங்குகிற இடத்தில் தோட்டத்துத் துரை கூடாரம் அடிக்கச் சொல்லியிருந்தார். மழையில்லாத மாதங்களில் கொழும்பிலிருந்து துரைமார் குடும்பங்கள் வந்து தங்கும். ஓடையில் மீன் பிடிக்கும், மலை ஏறும். கயிறு கட்டுவதில் கெட்டிக்காரர் என்று காவலுக்கு மூக்கனையும், சமையலுக்கு என்று அம்மாக்கண்ணுவையும் மேலே அனுப்பினார்கள். அவளுக்குப் புருஷன் செத்துப் போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை.

மூக்கன் கூடாரத்தைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான். மனிதர் குடியிருக்கிற இடம் என்றால் அவர் அறிந்தது லயம் ஒன்றுதான். பத்துக் காம்பரா, அதாவது பத்து அறை, ஒரே வரிசையில், ஒரே கூரையின் கீழ். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஆகவே முதல் முளை அடிக்கும் முன் ஒரு கல்லை நட்டு, முனியாண்டி என்று கும்பிட்டு, சூடம் கொளுத்தினார். பிறகு ஆறு கூடாரத்தையும் துணியோடு துணி உரச வரிசையாக அடித்தார். வாசல் எல்லாம் ஒரே பக்கம். துரை மெச்சுவார் என்று காத்து நின்றார்.

துரை இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். கூட வந்த கணக்கப்பிள்ளை சிவசாமி அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"ஏன்டா மூக்கா, தொரைமாருக்கும் லயம் கட்டிப்புட்டியே! காலையில பெரட்டுக்கு ஆளக் கூப்புடத் தப்பும் நீயே அடிச்சிருவியா?"

"தள்ளித் தள்ளி இருந்தா, ஒரு அவசரம்னா எப்பிடிங்கய்யா கூப்புடுறது?"

"கூப்புடாம இருக்கத்தான்டா அவங்க மலைக்கு வர்றாங்க! ஒருத்தர் சத்தம் ஒருத்தருக்குக் கேக்கக் கூடாது. பிரிச்சு அடி."

ஆறு கூடாரமும் ஆளுக்கொரு மூலையாயின. சமையல்காரிக்கு ஓடைக்கரை, காவல்காரருக்கு மேட்டு உச்சி என்று சிவசாமி கை காட்டிவிட்டுப் போனார். அப்போது அம்மாக்கண்ணுவின் முகம் போன போக்கை மூக்கன் மட்டும்தான் பார்த்தார்.

அந்த வருஷம் மட்டுமல்ல, எட்டு வருஷம் அப்படியே நடந்தது. பொழுது சாய்ந்தால் அவர் இருமுவார். அவள் சட்டி மூடியைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய், ஆண்டவனும் இருக்கிறான் என்பதுபோல. வேறு பேச்சு அவர்களுக்குள் அதிகம் இல்லை.

பிறகு துரை மாறினார். விருந்தாளிகள் வருவது நின்றது. கூடாரங்களைச் சுருட்டித் தகரக் கொட்டகையில் வைத்து, வருஷம் முழுக்க மூக்கனைக் காவலுக்குப் போட்டார்கள். அம்மாக்கண்ணு கொழுந்து பறிக்கத் திரும்பிவிட்டாள். மூக்கனுக்குக் கீழே தலை சாய்க்க இடமில்லை. சிறு வயதில் தாய் தகப்பனை இழந்து, யார் யார் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலோ சாக்கை விரித்துப் படுத்து வளர்ந்தவர் அவர். கல்யாணமும் கூடவில்லை. காம்பரா கேட்டுப் போனபோதெல்லாம் சிவசாமி ஒரே பதில்தான் சொன்னார்.

"ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடா காம்பரா? ஒரு மலையே ஒனக்கு இருக்கு!"

சனிக்கிழமை அரிசி வாங்க இறங்கி வருவார். வாரம் முழுக்கப் பேசாத தொண்டை, முதல் வார்த்தை சட்டென்று வராது. அம்மாக்கண்ணு கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். ஒரு காம்பராவில் பிள்ளை அழும், இன்னொன்றில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்கும். மாரியம்மன் கோயில் பஜனையைக் கேட்பதுபோலக் கண்ணை மூடிக் கேட்பார். இருட்டுமுன் எழுந்து மலை ஏறுவார். அந்த முதுகு தேயிலைக்குள் மறைகிறவரை அவள் வாசலில் நிற்பாள்.

அறுபத்திரண்டில் அவள் தம்பி செல்லசாமியின் இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியானது. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போவது என்று அவன் முடிவெடுத்தான். அவளுக்கு அவனை விட்டால் யார் இருக்கிறார்கள்? தானும் கூடப் போவதற்காக, தோட்டத்துப் பேரேட்டில் தன் பேரை வெட்டிக்கொள்ளக் கணக்கப்பிள்ளையிடம் போனாள்.

"என் காம்பராவ மூக்கண்ணனுக்குக் குடுங்கய்யா. குடுத்தாத்தான் பேர வெட்டுவேன்."

"என்னாடி, மெரட்டுறியா?"

"கும்புட்டுக் கேக்குறேங்கய்யா. அவரும் இந்தத் தோட்டத்துக்கு ஒழச்சவருதான."

சிவசாமி பேரேட்டை மூடி வைத்தார். முனியாண்டி அவர் மனசுக்குள் புகுந்தானோ என்னவோ, மறுநாள் துரையிடம் பேசிக் காம்பராவை மூக்கன் பேருக்கு எழுதி வாங்கிவிட்டார். அன்றே அவள் பேரும் வெட்டப்பட்டது. தம்பி காம்பராவுக்கு மூட்டையை மாற்றிக்கொண்டாள்.

புறப்படுகிற நாள், ஹட்டன் பஸ் நிற்கிற ரோட்டு முடக்கில், அவளுடைய தகரப் பெட்டியை மூக்கன் கூடாரக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார்.

"எடம் பழகிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"பழகிருச்சு தங்கச்சி. ஒன் சாமி படம் அங்கயேதான் இருக்கு. நேத்துப் பொழுதுபட பழக்கத்துல இருமிப்புட்டேன். பக்கத்துக் காம்பரா வேலாயி, கசாயம் வேணுமாண்டு சத்தம் போடுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அவளுக்குச் சேலைத் தலைப்பு தேவைப்பட்டது. இனி பொழுது சாய்ந்தால் மூடியைத் தட்டுவது யாருக்காக?

பஸ் உறுமியது. மூக்கன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தார்.

"தங்கச்சி, அங்க போயி குடியிருக்க எடம் பாக்குறப்ப, காத்து வருது, வெளிச்சம் வருதுன்னு தள்ளி எடுத்துராத. ஒருத்தர் இருமுனா கேக்குற தூரத்துல எடுத்துக்க."